வாத்து நாற்காலியும் அம்மாவின் போனும்

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாட்டமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இசக்கியம்மன் காக்க வேண்டும். உனக்கு மலையாளம்தான் ஓடும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், ஆனால் எனக்கு வேறு எழுத்து வராது, பொறுமையாகப் படி. போனில் சொல்லலாமே என்பாய். நீ வேலை பார்க்கும் வீட்டில் உனக்கு மத்தியான இடைவேளையில்தான் போன் கைக்கு வருகிறது, அப்போது உன் மகள் பிரியா என் மடியில் ஏறிவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் பினுவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளை வெளிக்குப் போகாமல் நாள்கணக்கில் அடக்குகிறாள், இசக்கி. காலைப் பின்னிக்கொண்டு கட்டிலைப் பிடித்து நிற்கிறாள், முகமெல்லாம் சிவந்து வியர்க்கிறது, விடமாட்டேன் என்கிறாள். நடுவில் ஜட்டியில் தண்ணியாகக் கசிந்தது, வயிறு இளகிவிட்டதாக நினைத்து, பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி சொன்னபடி பால் விடாமல் எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயா கொடுத்தோம், அது இன்னும் இறுக்கிவிட்டது. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கல்லாகக் கட்டிக் கிடக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணி வருகிறது என்று எங்களைத் திட்டினார். மருந்து கொடுக்கிறோம், அதையும் மீறி அடக்குகிறாள். சரியான பிறகு கொண்டுவந்தால் போதும் என்று அங்கன்வாடி சோனியா டீச்சர் சொல்லிவிட்டார், அதனால் உன் அம்மா ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறாள். மாப்பிள்ளை கன்டெய்னர் லாரியை விட்டு இறங்கி வருவதே எப்போதாவது, வந்த அன்று பிள்ளையை ஒரு அடி அடித்துவிட்டார், பிறகு அவரே மூலையில் உட்கார்ந்து அழுதார். நான் கெஞ்சிவிட்டேன், மிரட்டிவிட்டேன், மிட்டாய் காட்டிவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நீ இங்கே இருந்தவரை அவள் ஒழுங்காகப் போய்க்கொண்டுதானே இருந்தாள். நீ போன பிறகு உன் முகத்தைப் பார்த்தால்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்தாள், அதனால் ஆய் போக நீ வாங்கிக் கொடுத்த வாத்து நாற்காலியைப் போனுக்கு முன்னாலேயே போட்டு வைத்தோம். அவள் போவாள், நீ கை தட்டுவாய், அம்மாவுக்கு வேலை இருக்கு டாட்டா என்று வைத்துவிடுவாய். ஒரு வேலை முடிந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நேற்று அவள் ஜட்டியை அலசிக்கொண்டே, ஏன் மக்களே அடக்குற என்று சும்மா கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆய் போனா அம்மா டாட்டா சொல்லும் தாத்தா. ஞான் போமாட்டேன். அம்மா இருக்கட்டும்."

முக்கு மக்களே, முக்கு என்று நீ அங்கிருந்து சொல்லச் சொல்ல, உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடக்கியிருக்கிறாள், இசக்கி.

இனிமேல் போனுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி வராது. சாப்பிட்ட பிறகு காலுக்கு ஒரு பலகை வைத்து உட்கார வைக்கிறோம், போனால் போகட்டும், போகாவிட்டால் எழுந்து விளையாடட்டும், இனி யாரும் அவளை மிரட்டமாட்டோம். நீ பேசும்போது ஆய் என்ற பேச்சையே எடுக்காதே. வீட்டுப் பூனை என்ன செய்தது, என்ன சாப்பிட்டாய் என்று கேள். போனை வைக்கும் முன் நாளைக்கும் வருவேன் என்று சொல், சொன்னால் வந்துவிடு. உன் மேடத்தின் காலில் விழுந்தாவது அந்த நேரத்தைக் கேட்டு வாங்கு, மகளே. வேறு எதற்கும் உன்னிடம் கெஞ்சியதில்லை.

நல்ல தண்ணீர் குடி, வேளைக்குச் சாப்பிடு, இசக்கியம்மன் உனக்குத் துணை நிற்பாள். இதைப் படித்ததும் அழுகையோடு கூப்பிடாதே, முகத்தைக் கழுவிவிட்டுக் கூப்பிடு. நான் எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் பிரியா காலைப் பின்னிக்கொண்டு கதவோரம் நிற்கிறாள், அம்மா போன் வந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

உன் அப்பா,
செல்லதுரை