மணல் தட்டும் வெற்றிலையும்

ஐப்பசி 3, திங்கள்

விடாத மழை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி, அதன் கீழே குனிந்து குனிந்து நடமாட்டம். காப்பிக்கொட்டை வறுக்க வேண்டும்.

ஸ்கூலிலிருந்து பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். போனேன். வசந்தியின் புத்தகத்தில் நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து வாசிக்கச் சொன்னார்கள். என் பெண் வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று சொன்னாள். மொத்தமும் முதல் பாடம். புத்தகத்தில் மாடு, இவள் வாயில் மழை.

எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் சொல்லிச் சொல்லி உருப்போட வைத்தேன், அவள் ஒப்பித்தாள். வாசிக்கிறாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

"அரையாண்டுப் பரீட்சைக்குள்ள புதுப் பக்கம் ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்மா. இல்லேன்னா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோடதான் உக்கார வைக்கணும்."

வரும் வழியெல்லாம் வசந்தி என் முந்தானையை விடவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

சரோஜா சொல்லித் தரப் போகிறாளாம். கொழுந்தன் பெண்டாட்டி. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கையில் பிள்ளையும் இல்லை. அவள் தம்பிக்கும் சின்ன வயதில் இப்படித்தானாம். புத்தூரில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக் கொடுத்தபோது கூட உட்கார்ந்து பார்த்தாளாம்.

"மக்கு இல்லக்கா. கண்ணுக்கு எழுத்து பிடிபடல, அவ்வளவுதான். கையால பிடிச்சுக்குவா."

இவர் உடனே, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லது, சரோஜாவே பார்த்துக்கட்டும்." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாம்பாளத்தில் காவேரி மணல். விரலால் எழுத்து, எழுதும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையில் சின்ன ஜன்னல் வெட்டி வரிமேல் வைத்தால் ஒரு சொல் மட்டும் தெரியும். தாம்பாளம் என் பிறந்த வீட்டுச் சீர். பத்திரிகையும் என் கல்யாணத்தினுடையது.

ஐப்பசி 10, திங்கள்

வெயில். பருப்பு காயவைத்தேன்.

வசந்தி சிரிக்கிறாள். சரோஜா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முழங்கை வரை மணல். என்னிடம் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வயிற்று வலி வரும். அங்கே வலி கிடையாது.

ச.விடம் எனக்குப் பிடிக்காதவை:
எதற்கும் கோபப்படாதது.
தலை வாரும்போது முணுமுணுவென்று பாடுவது.
என் பெண்ணை "என் கண்ணு" என்பது. யார் கண்?

பொறாமைதான். வேறு பெயர் எதற்கு? எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தபோது தாம்பாளத்து மணலை அள்ளிப் போய் எண்ணெய்ச் சட்டிகளைத் தேய்த்தேன். பளபளவென்று வந்தன.

ஐப்பசி 11, செவ்வாய்

வசந்தி வெறும் தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ச.வும் கேட்கவில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் குளிக்கப் போனவள் சொம்பு நிறைய மணலோடு திரும்பினாள். ஈர மணலில் எழுத்து இன்னும் நன்றாக நிற்கிறதாம். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஐப்பசி 20, வியாழன்

தீபாவளி முறுக்கு நமத்துவிட்டது. மிச்சத்தைத் தீர்க்க ஆள் இல்லை.

கடைத்தெருவுக்குப் போனபோது வசந்தி பஸ் போர்டைப் பார்த்து நின்றாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எழுத்து எழுத்தாக, "லா... ல்... கு... டி." யாரும் சொல்லித் தராத சொல். எனக்குத் தெருவிலேயே அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. "சித்திகிட்ட சொல்லணும்" என்று கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டம்.

கொழுந்தனுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் புதுத் தொழிற்சாலையில் வேலை. கார்த்திகை பிறந்ததும் குடித்தனம் அங்கே. அப்பாடா என்றிருந்தது.

ஐப்பசி 23, ஞாயிறு

இவர் சாப்பிடும்போது: "வசந்தியையும் அவங்களோட அனுப்பிடலாம். அங்கயும் ஸ்கூல் இருக்கு. பொண்ணு படிக்கணுமா வேண்டாமா?"

ரசக் கரண்டி கையிலேயே நின்றது. பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். "சித்தியோட போறியாம்மா?"

"போறேன்."

யோசிக்கவே இல்லை. பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன்.

"பரீட்சை வரைக்கும் என்கிட்ட விடுங்க. வாசிக்கலேன்னா நானே கொண்டுபோய் விடறேன்." எங்கிருந்து வந்ததோ அந்த வீராப்பு.

ஐப்பசி 24, திங்கள்

ச.விடமே போய்க் கேட்டேன். வேறு வழி? முகத்தைப் பார்க்காமல், அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையைப் பார்த்துக் கேட்டேன்.

"மணலு, அட்டை எல்லாம் நீங்களே பார்த்ததுதானேக்கா. ஒண்ணுதான். அவ யோசிக்கறப்ப நீங்க முந்திச் சொல்லிடறீங்க. சொல்லலேன்னாலும் உங்க உதடு அசையுது. அவ புத்தகத்தைப் பார்க்கறதில்ல, உங்க உதட்டைத்தான் பார்க்கறா."

"நான் என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்."

இந்த வாயா?

கார்த்திகை 3, புதன்

அவர்கள் போயாயிற்று. வசந்தி சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாக்கைக் கடித்துப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடினேன், மூச்சு முட்டியது. கடைசியில் வெற்றிலை. வாய் கொள்ளாமல் போட்டுக்கொண்டால் பேச முடியாது, சாறு வழியும். உதடு எப்படி அசைந்தாலும் மெல்லுவதாகத்தான் தெரியும்.

வசந்தி என் வாயைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டை ஜன்னலைப் பார்த்தாள்.

கார்த்திகை 12, வெள்ளி

சுண்ணாம்பு சுட்டு நாக்கெல்லாம் புண். பல் சிவப்பு. இவர் கேலி: "என்ன, தினம் கல்யாண வீடா?"

இன்று ஒரு வரி முழுதாக. நடுவில் ஒரு சொல்லில் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவளே சொன்னாள்.

"சித்தி இருந்தா சந்தோஷப்படும்" என்றாள். அதையும் விழுங்கினேன்.

மார்கழி 3, வெள்ளி

பனி. கோல மாவு ஈரம், இழை வரவில்லை.

பெரிய டீச்சர் அறை. புதுப் புத்தகம், பார்க்காத பக்கம். ஜன்னல் அட்டையை வைத்துக்கொண்டு தட்டித் தடவி, வியர்த்து, முழுப் பக்கமும் வாசித்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே இருக்கலாம். என் வீட்டிலேயும்.

"அட. யார் சொல்லிக் குடுத்தது?"

"சித்தி."

"அம்மா?"

"அம்மா சும்மாதான் பக்கத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க."

பெரிய டீச்சர் என் பல்லைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவெறும்பூர் போக வேண்டும், சித்தியிடம் வாசித்துக் காட்ட. முறுக்கு சுட வேண்டும். ச.வுக்கு எள் போட்டால்தான் பிடிக்கும்.

வெற்றிலை தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.