பிரிக்காத உறை

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கையின் உடம்பு எப்படி இருக்கிறது?

நம் நாடகக் குழுவில் இருபது வருடமாக ஒரே வழக்கம். கொலைகாரனின் வாக்குமூலத்தை நான் ஒருவனே எழுதி, உறையில் ஒட்டிக் கொடுப்பேன். எட்டு நடிகருக்கும் உறை, ஏழில் வெற்றுத்தாள். மேடையேறும் அன்று இடைவேளையில்தான் பிரிக்க வேண்டும். நேற்று ஒத்திகையில், இன்ஸ்பெக்டராக நடிக்கும் எலக்ட்ரீஷியன், “டாக்டர்தானே கொலைகாரன்?” என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறான். டாக்டர் வேடம் உங்களுடையது. வாக்குமூலம் உங்கள் உறையில் இருந்தது. வேறு யார் சொல்லியிருக்க முடியும்? வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

மார்ச் 9

மதிப்புள்ள மச்சானுக்கு,

நான் தையல்காரன். எதையும் பிரித்து மறுபடி சேர்த்தால் தடம் தெரியும் என்று எனக்குத் தெரியாதா? உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அது போகட்டும். உங்கள் தங்கையால் எழுந்து உட்கார முடியவில்லை. இந்த முறை நாடகத்துக்கு வர முடியாது என்று அவளுக்கே தெரியும். டாக்டர்தான் என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. “யாரு கொன்னதுன்னு அண்ணன் வந்து சொல்லட்டும். நீங்க பிரிச்சுடாதீங்க, அதுக்கும் உங்களைத்தான் திட்டுவாரு” என்கிறாள். நாள் தள்ளாமல் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 13

மாப்பிள்ளைக்கு,

சாட்சிக்குத் தங்கையைக் கூப்பிடுகிறீர்கள். தப்பை ஒத்துக்கொள்ளுங்கள், மறுநாளே வருகிறேன். இல்லாவிட்டால் இருபத்தாறாம் தேதி நாடகம் முடிந்த பிறகுதான் உங்கள் வீட்டுப் படி ஏறுவேன். அவளைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் அவசரம்.

மச்சான்

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

தங்கையின் உடலை எடுத்த அன்று வாசலில் நீங்கள் உறையை மட்டும் என் கையில் வைத்தீர்கள். மடிப்பின் மேல் நான் போட்ட கையெழுத்து கலையவே இல்லை.

எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் கேட்டேன். “அண்ணே, நகலெடுத்துட்டு நீங்க குப்பையில போட்ட கார்பன் தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்றான். கார்பனில் எழுத்து நிற்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

இருபத்தாறாம் தேதி நாடகத்தை அப்போதே நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள். எந்த நாடகமானாலும் தங்கை இடைவேளைக்கு முன்பே, முன்வரிசையிலிருந்து கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். இந்தத் தடவை யாரைச் சொன்னாள்?

மச்சான்

ஏப்ரல் 10

மச்சானுக்கு,

யாரையும் சொல்லவில்லை. வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம், “அண்ணன் வந்துட்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

நாடகத்துக்கான டாக்டரின் கோட்டைத் தைத்து முடித்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

தையல்காரன்