சுமார் நாற்பது

பதிவு 1 / 06:10
நிலவின் தென்துருவ நிலையம். எழுதுவது ஜெசிந்தா, பராமரிப்புப் பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தின் அடியில் காற்றடைத்த ஒரு கூண்டுக்குள் இருந்துகொண்டு இசக்கிமுத்து பனிக்கட்டி தோண்டுகிறான். அவனுக்கு மூச்சுக்காற்று என்னிடமிருந்து குழாய் வழியே போகிறது. கூண்டின் அழுத்தத்தைப் பார்த்து என் கணினி இங்கிருக்கும் வால்வை இயக்கும். அழுத்தம் பூச்சியமானால் கூண்டு உடைந்ததாகக் கொண்டு, காற்று வீணாகாமல் அடைத்துவிடும்.

காலை அழைப்பு: "யக்கா, இன்னைக்கு சுமார் மூணு மீட்டர் தோண்டிருவேன்." இவனுக்கு எதையும் அடித்துச் சொல்ல வாய் வராது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "சுமார் ரெண்டுக்கா" என்றவன்.

பதிவு 2 / 09:40
பள்ளத்தில் பாறைச் சரிவு. கூண்டின் வாசல் அடைபட்டது. அழுத்தத்தை அனுப்பும் கருவி போயிற்று. குரல் வரவில்லை, நான் அனுப்புவதும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவன் தட்டச்சு செய்யும் செய்தி மட்டும் வருகிறது: "யக்கா, நல்லாத்தான் இருக்கேன். கூண்டு லேசா கசியுது. மீட்டர்ல முள்ளு ஆடுது. பாத்து நானே டைப் பண்ணி அனுப்புதேன்."

அவன் அனுப்புவதையே அழுத்தமாக எடுத்துக்கொள்ளும்படி கணினியில் மாற்றிவைத்தேன். மீட்புக் குழு நாளை வரும். அதுவரை குழாயில் காற்று ஓடினால் போதும்.

பதிவு 3 / 11:05
திரையில் அழுத்தம் 0. வால்வு அடைத்துக்கொண்டது. கூண்டு உடைந்துவிட்டது. இசக்கி போய்விட்டான். அவன் பெண்டாட்டிக்கு நான் என்னவென்று சொல்வேன்.

பதிவு 4 / 12:10
மறுபடியும் 0 வந்திருக்கிறது. செத்தவன் செய்தி அனுப்புவானா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் அனுப்பியதை அப்படியே திறந்து பார்த்தேன். "சுமார் 40." அடுத்தது, "சுமார் 31. யக்கா, காத்து வரலியே?"

நிரல் C மொழியில் இருக்கிறது. எந்தப் புண்ணியவானோ எழுத்தை எண்ணாக்க atoi போட்டிருக்கிறான். தொடக்கத்தில் இலக்கம் இல்லையென்றால் அது வாய் திறக்காது, பூச்சியத்தை நீட்டிவிடும். படிக்க முடியவில்லை என்பதும் ஒன்றுமில்லை என்பதும் அதற்கு ஒன்றுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவ்வளவு நேரமும் அவன் உயிரோடு காற்றுக்குக் காத்திருந்தான். வால்வோ நிரல் சொன்னால்தான் திறக்கும்.

பதிவு 5 / 12:50
strtol போட்டு மாற்றினேன். எந்த எழுத்தில் படிப்பதை நிறுத்தியது என்று இது காட்டும். தொடங்கிய இடத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. பின்னால் மிச்சம் இருந்தாலும் ஏற்கக் கூடாது. எண் அளவுக்கு மீறினால் errno என்ற பிழைக்குறி காட்டிக்கொடுக்கும். அதை முன்கூட்டியே பூச்சியமாக்கி வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வால்வைத் தொடாதே, என்னைக் கூப்பிடு என்று எழுதினேன்.

சோதனை. வெற்று வரி, ஏற்கவில்லை. "சுமார் 31", ஏற்கவில்லை. "31", ஏற்றது. வால்வைத் திறக்கக் கட்டளை கொடுத்தாயிற்று.

பதிவு 6 / 14:05
திறக்கவில்லை. ஓட்டம் நின்றதில் குழாயின் ஈரம் உறைந்து வால்வைப் பிடித்துக்கொண்டது. சூடேற்றியை வைத்திருக்கிறேன். வெளியே போய்ச் சுத்தியலால் தட்டியும் பார்த்தேன்.

"சுமார் 17."

"சுமார் 9. விண்வெளி உடுப்ப மாட்டிக்கிட்டேன், அதுலயும் காத்து கொஞ்சந்தான் இருக்கு. நீங்க ஏதாச்சும் செய்துக்கிட்டுத்தான் இருப்பீய, தெரியும்க்கா."

இரண்டையும் எண் இல்லை என்று நிரல் ஒழுங்காக ஒதுக்கியது.

பதிவு 7 / நேரம் பார்க்கவில்லை
வால்வு அசைந்தது. திறந்தது. காற்று போகத் தொடங்கிய அதே நிமிஷம் செய்தி வந்தது. நிரல் இந்த முறை ஏற்றுக்கொண்டது. முழுவதும் படித்தது, மிச்சம் இல்லை, பிழை இல்லை. வால்வை மூடியது.

அவன் அனுப்பியதை நானே திறந்து பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"0"

சுமார் போடவில்லை.

மூடச் சொல்லும் வரியையே அழித்துவிட்டு வால்வை மறுபடி திறந்தேன். இனி எந்த எண்ணுக்கும் இந்த வால்வு மூடாது. காற்று வருகிறதுடா. ஏதாவது அனுப்பு, இசக்கி. சுமார் என்று போட்டே அனுப்பு. நான் படிக்கிறேன்