பள்ளக் காணிக்கு மண் போடும் விசயம்

மட்டக்களப்பு,
தை மாதம்.

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க மண்டூர்க் கந்தனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம், வெள்ளத்துக்குள் நின்றதில் என் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், தாரா மாதிரி நடக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டு மருமகனின் குரல் கேட்டதும் எனக்கு எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுதான் வாயில் வரும், அதனால்தான் கடிதம்.

பின்வளவு வோல்ட்டர் அங்கிள் மோசம் போய்க் கண்ணை மூடியதை அம்மா சொல்லியிருப்பாள், எப்படி என்று சொல்லியிருக்க மாட்டாள். நம் ஒழுங்கையில் ஒருவர் வளவை ஒரு அடி உயர்த்தினால் அடுத்தவர் ஒன்றரை அடி உயர்த்துவார், நாமும் கிரவல் கொட்டி உயர்த்தியவர்கள்தான், கடைசியில் முழு ஒழுங்கையின் மழைத்தண்ணீருக்கும் மிஞ்சியது உனக்குச் சீதனமாக எழுதிய பள்ளக் காணியும் அதை ஒட்டிய அவர் வீடும்தான். கார்த்திகை மழையில் பள்ளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் அவரும் மனிசி டல்சி அன்ரியும் படுக்கும் அறைக்குள் போனது, மலசலகூடக் குழியும் பொங்கி அதோடு கலந்தது. பாரிசவாதத்தில் கிடந்த மனிசனைக் கதிரையோடு தூக்கினோம், காலமெல்லாம் பஸ்ஸில் சனத்தை ஏற்றி இறக்கிய இந்தக் கொண்டக்டருக்கு ஒரு ஆளை வாசல் தாண்டி இறக்கத் தெரியவில்லை, இரண்டு தரம் தண்ணீருக்குள் சாய்த்துவிட்டேன். அந்தக் கோணல் வாயாலும், கனகு, இதுக்கு டிக்கட் கேக்காதடா என்றார். வெள்ளத்துக்குப் போட்ட முகாமில் சளி நெஞ்சில் இறங்கி, ஒரு கிழமை போகுமுன் முடிந்துபோனார். சேமக்காலையில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது, வாளியால் இறைத்து இறைத்துத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

இப்போது மாநகர சபையிலிருந்து றமீஸா என்றொரு இன்ஜினியர் பிள்ளை வந்தாள். மதிலும் கொங்கிரீற்றுமாய்க் கட்டிக்கொண்டே போனால் டவுன் தாங்காது, தண்ணீர் தங்கி ஆறுதலாகப் போக இடம் வேண்டும், இந்தப் பள்ளத்தைக் குளமாக்கி வாவிக்கு ஒரு மதகு வைத்தால் டல்சி அன்ரியின் வீடும் பக்கத்து வீடுகளும் தப்பும் என்றாள். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தும் பாஸாகாத எனக்கே விளங்கியது. ஆனால் நம் ஊரில் ஆம்பிளைக்கு ஒரு வெற்றிலைக் கொடி நடவும் சொந்த மண் கிடையாதே, காணியெல்லாம் பெண்பிள்ளைகள் பேரில்தான், கையெழுத்து நீதான் போடவேண்டும். நீயோ வீடு கட்ட மாசியில் மண் கொட்டும்படி டிப்பர்காரனோடு பேசிவிட்டாய். புள்ளைக்கு இருக்க இடமில்லாமத் தண்ணிக்கு இடம் குடுக்கச் சொல்றீங்களோ என்று கேட்டதோடு அம்மா என்னோடு கதைப்பதில்லை. டல்சி அன்ரி கேட்டதும் ஒன்றுதான், தனுட காணிக்கு எப்ப மண் போடுறீங்க அண்ணன், முன்னுக்கே சொன்னா நான் கட்டிலக் கல்லுல ஏத்தி வெச்சிருவன் என்றாள்.

நீ வந்தால் இந்த வீடு உனக்குத்தான், நாங்கள் பின் அறைக்குள் ஒதுங்கிக்கொள்வோம், அதுதானே இங்கத்தைய வழக்கம். இல்லை, அங்கேதான் கட்டவேண்டும் என்றால் அப்பா முன்னுக்கு நின்று மண் கொட்டுவிக்கிறேன், உன் காணி உன் விருப்பம். ஆனால் அந்தச் செய்தியை டல்சி அன்ரியிடம் நான் போய்ச் சொல்லமாட்டேன் மகள். நீயே போன் எடுத்துச் சொல்லு.

பேரனுக்குக் காது மூடும் தொப்பி போட்டுவிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்கவேண்டும். டிப்பர் வருமுன் பேசு, டல்சி அன்ரியின் நம்பர் பழையதுதான், இப்போது அவள்தான் எடுப்பாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
கனகசிங்கம்