பாதி விலைக் குவியல்

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் போக மாட்டேங்குது. கேட்டா கடை வாசப்படியைக் குறை சொல்றாரு. அது பாவம், அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே அங்க கிடக்கு. சரி, அதை விடு. சொல்ல வந்தது வேற.

நீ அனுப்புற செருப்புப் பெட்டியில ஆறாம் நம்பர்ல இருந்து பதினொண்ணு வரைக்கும் எல்லா அளவும் சமமா போடுற. ஏழும் எட்டும் வந்த வாரமே போயிடுது. பத்தும் பதினொண்ணும் அலமாரியில குடியிருக்கு. நேத்து ஒருத்தர் வந்தாரு, ஆளு கதவு உயரம். எனக்கு மனசெல்லாம் சந்தோஷம். உக்கார வச்சுக் காலைப் பார்த்தா என் கால் அளவுதான் இருக்கு. அவ்வளவு பெரிய உடம்பு அதுமேல எப்படித்தான் நிக்குதோ. ஏழுதான் வாங்கிட்டுப் போனாரு.

போகாத சரக்கை நீ திருப்பி எடுத்துக்கயேன். இல்லன்னா நாப்பத்தஞ்சு நாள்ல பணம்ங்கறதைத் தொண்ணூறு நாளாக்கு. முதலெல்லாம் முடங்கிக் கிடக்குடா.

உன் அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

லெட்டர் கிடைச்சுது. மாமாவை மெதுவா ஏறச் சொல்லு.

திருப்பி எடுத்துக்க எனக்கும் ஆசைதான். எங்க வைக்கறது? பட்டறையில நாலு பேரு உக்காரவே இடம் இல்ல. வார் தைக்கறவரு பாதி என் மடியில உக்காந்துதான் தைக்கறாரு. தோல்காரரோ கையில காசு வாங்காம ஒரு துண்டு தர மாட்டாரு. உனக்குத் தொண்ணூறு நாள் குடுத்தா மத்த கடைக்காரங்க சும்மா இருப்பாங்களா? 'எங்க அக்காவே சொன்ன நாளுக்குக் குடுத்துடுது'ன்னு சொல்லித்தான் அவங்ககிட்ட வசூல் பண்றேன்.

இந்தப் பெட்டிப் பணத்தை ஜூலை பதினெட்டுக்குள்ள எப்படியாவது அனுப்பிடு. கோவிச்சுக்காத.

உன் தம்பி

ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

பதினெட்டாம் தேதியே பணத்தை அனுப்பிட்டேன். எப்படின்னு கேளு.

உள்ளே கிடந்த மேசையை வாசல்ல போட்டு, உன் செருப்பையெல்லாம் மலையாட்டம் குவிச்சு, 'பாதி விலை'ன்னு அட்டையில எழுதி வச்சேன். பெரிய நம்பரா மட்டும் இருந்தா யாரு நிப்பா, அதனால கையில மிச்சம் இருந்த ஏழு எட்டையும் கலந்து விட்டேன். மாமா நாற்காலியில உக்காந்துக்கிட்டே கூவினாரு. அந்தக் குரலை இத்தனை வருஷம் எங்க வச்சிருந்தாரோ, என்கிட்ட பேசும்போது வந்ததே இல்ல. ஒரு அம்மா பதினொண்ணாம் நம்பர் எடுத்தாங்க. "வீட்டுல யாருக்கும்மா இவ்வளவு பெரிய கால்?"னேன். "யாருக்கும் இல்ல, விலை நல்லாருக்கே"ன்னாங்க. மூணே நாள்ல மேசை காலி.

நஷ்டம் எனக்குத்தான். உனக்கு முழுசா வந்துடுச்சுல்ல, அது போதும். அடுத்த பெட்டி எப்ப அனுப்புற?

உன் அக்கா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பணம் சொன்ன நாளுக்கே வந்துச்சு. பதில் எழுதத்தான் கை வரல.

உன் கடைக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கற கடைக்காரர் என் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிட்டாரு. "அங்க பாதி விலைக்குக் கூவி விக்கறாங்க. நான் முழு விலை சொன்னா ஜனங்க என்னைத் திருடனாட்டம் பாக்கறாங்க"ன்னாரு. சேதி பரவி மத்தவங்களும் திருப்பிட்டாங்க. "அக்காவுக்கு மட்டும் சல்லிசாக் குடுக்கறீங்களாக்கும்"னு ஒருத்தர் கேட்டாரு. இல்லன்னேன். சிரிச்சாரு.

குவிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. நானும் 'எப்படியாவது'ன்னு எழுதியிருக்க வேண்டாம்.

நீ அனுப்பின பணம் நாலு பேரு கூலிக்கும் தோல்காரருக்கும் சரியா இருந்துச்சு. பட்டறையைப் பூட்டிட்டேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு,

உன் லெட்டரை மாமா படிக்கக் கேட்டேன். பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டேன். அப்புறம் நானே எடுத்துப் படிச்சேன்.

பணத்துக்கு உன்னை அலைய விடக் கூடாதுன்னுதான்டா மேசையைத் தூக்கி வாசல்ல போட்டேன். வேற நினைப்பு இல்ல. நேத்து அந்த ரெண்டு தெரு தள்ளி இருக்கறவரு கடைக்குப் போனேன். நல்ல மனுஷன், நாற்காலி போட்டாரு, ஃபேனை என் பக்கம் திருப்பி விட்டாரு, நான் சொன்னதெல்லாம் கேட்டாரு. "பாதி விலைக்கு வாங்கினவங்க அப்புறம் முழு விலை குடுக்க மாட்டாங்கம்மா. நீங்களும் கடைக்காரங்கதானே, தெரியாதா?"ன்னாரு. எழுந்து வந்துட்டேன்.

நீ திற. எந்த அளவு போட்டாலும் நான் எடுத்துக்கறேன், கையில காசு குடுத்து. ரெண்டு வரி எழுது.

உன் அக்கா

செப்டம்பர் 30

அக்காவுக்கு,

ஒரு கடையை மட்டும் நம்பிப் பட்டறை ஓடாது. பெரிய செருப்புக் கம்பெனி ஒண்ணுல தோல் வெட்டற வேலைக்குச் சேந்துட்டேன். சம்பளம் ஒண்ணாந் தேதி வந்துடுது.

இங்க கடைக்காரங்க கேக்கற அளவுதான் வெட்டறோம். விக்காததைத் திருப்பியும் எடுத்துக்கறாங்க. தொண்ணூறு நாள் தவணையும் உண்டு. நீங்க கேட்டதெல்லாம் இவங்களால முடியுது.

அடுத்த மாசம் இந்தக் கம்பெனி ஆளு சரக்கு காட்ட உங்க தெருவுக்கு வருவாரு. நல்ல சரக்கு, தயங்காம வாங்குங்க. நான் உங்க தம்பின்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க.

தம்பி