கால்சட்டையோடு தைத்த கேன்வாஸ்

கிருபா அப்பாவுக்கு,

கிருஷ்ணகிரியில் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டதாம். நீங்கள் சந்தையிலிருந்து வருவதற்குள் பஸ் போய்விடும் என்று கிருபாவோடு கிளம்புகிறேன். களி சட்டியில் இருக்கிறது. அவரைக்காய்க் குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டுச் சரோஜம்மாளிடம்.

நேற்று நான் கத்தியது தப்புதான். ஆனால் தொடையில் கால்சட்டையை முள் கிழித்தது என்றீர்களே, முள் கிழித்தால் நூல் நீளமாகப் பிரியும். இது குதறிப்போயிருக்கிறது. ஓரமெல்லாம் ரம்ப மெஷின் ஆயில். மரம் அறுக்கும்போது தொடையில் கட்டிக்கொள்ளக் காண்டிராக்டர் கொடுத்த கனத்த கேன்வாஸோ, பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. "இன்னாப்பா, பாவாட கட்டிக்கினு வந்துட்ட?" என்று உங்களோடு மரம் அறுக்கும் முனிவேல் ஒரு நாள் சிரித்துவிட்டாராம், அதற்காக!

அந்தக் கேன்வாஸை உங்கள் நல்ல கால்சட்டையோடு சேர்த்து இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். கிழிந்ததை ஊறவைத்திருக்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போட்டுக்கொள்ள வேறு கிடையாது.

ஜெபசீலி

கத்தரிக்கோலைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. உங்கள் சவர பிளேடும்தான். நான் திரும்பி வரும்போது தாடி இருந்தால் பரவாயில்லை. கால் இருக்க வேண்டும்.