பிளேன்டீயில் கரைத்த குளிசை

அன்புள்ள அம்மாவுக்கு, பூரணி வணங்கி எழுதுவது. நான் சுகம். மழையில் தேயிலைக் கொழுந்தெடுத்து உங்களுக்கு வந்த இருமல் குறைந்ததா?

இங்கே நுவரெலியா விளையாட்டு விடுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. எனக்கு வயிறு அடிக்கடி குழம்புவதால், குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள் உள்ள குளிசை தந்தார்கள். எனக்குத்தான் விழுங்க வராதே! நம் லயத்து வீட்டில் செய்வதுபோல, தினமும் அதை உடைத்துச் சுடச்சுட பிளேன்டீயில் கலக்கிக் குடித்தேன். நேற்று அறைத்தோழி இல்மா பார்த்துவிட்டாள்.

"அடியே, அது உசுரோட இருக்கிற கிருமிடீ! அவிச்சுக் குடிக்கிறியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாடு உடம்பில் ஒட்டாததால் எடை குறைந்துவிட்டது; அளந்து பார்த்ததில் கொழுப்பல்ல, தசைதான் குறைந்திருக்கிறதாம். "அடுத்த மாசமும் கொறைஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்றார் பயிற்சி டீச்சர். பயப்படாதீர்கள், ஆறிய தண்ணீரில் விழுங்கப் பழகுகிறேன்.

நம் டிக்கோயாவிலிருந்து யாராவது இங்கே வந்தால் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேச விஷயம் தீர்ந்தாலும் உடனே போனை வைக்காதீர்கள்.

விசில் ஊதிவிட்டார்கள், ஓட வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டீச்சர் சொன்னபோது, அம்மா, எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்
பூரணி